உள்ளிருந்து பூப்பது

ஜனவரி 5, திங்கள்

காலையில் ஸ்கூட்டரின் பின் டயர் காற்றில்லாமல் படுத்திருந்தது. தள்ளிக்கொண்டு போய்ப் பஞ்சர் ஒட்டி, முள்ளிக்கரை போய்ச் சேரும்போது மணி பதினொன்று.

அங்கே அரசு நடுநிலைப் பள்ளிக்கு எங்கள் துறை புதுக் கட்டடம் கட்டுகிறது. கட்டுவது காண்ட்ராக்டர் ஞானதுரை அண்ணாச்சி. உதவிப் பொறியாளர் என்று பெயர் வைத்துக்கொண்டு வெயிலில் நிற்பது நான். கீழே மூன்று வகுப்பறை, மேலே மூன்று. பிப்ரவரி இரண்டாம் தேதி அமைச்சர் வந்து திறக்கிறார். அதற்கு முன் பணி நிறைவுச் சான்றில் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

மழை விட்டுப் பத்து நாளாக நல்ல வெயில். கீழ் வகுப்பறையில் முழங்கால் உயரத்துக்கு மஞ்சள் பெயின்ட் பொரிந்திருந்தது. அதற்குள் வெள்ளையாகப் பொடி. தொட்டால் விரலில் ஒட்டியது.

"உப்பு பூத்திருக்கு மேடம்," என்றார் சொர்ணம். வேலை தொடங்கிய நாள் முதல் கான்கிரீட்டுக்குத் தண்ணீர் ஊற்றி நனைப்பது அவர்தான். அவருடைய மகள் இதே பள்ளியில் ஏழாவது படிக்கிறாள்.

"கடக்காத்துல்லா மேடம்," என்றார் அண்ணாச்சி. "நம்ம ஊர்ல இரும்பு கேட்டே ரெண்டு வருசம் நிக்காது. சுரண்டிட்டுப் பட்டி பாத்து ஒரு கோட்டு அடிச்சா தீந்துது."

சரி என்றேன்.

மதியம் தலைமையாசிரியர் எப்சிபா டீச்சரோடு சாப்பாடு. தென்காசிக்காரர். என் புளிக்குழம்பை ஒரு வாய் வைத்துவிட்டுத் தண்ணீர்ச் செம்பைத் தேடினார். "என்ன செல்வி, உப்பு ஜாடியக் கவுத்துட்டியா?" எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அருவித் தண்ணீர் குடித்து உங்கள் நாக்கு செல்லங்கொஞ்சிப் போய்விட்டது டீச்சர் என்றேன். என் அம்மாவும் அப்பாவும் இருபத்தைந்து வருடம் உப்பளத்தில் வேலை பார்த்தவர்கள். உப்பைப் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

ஜனவரி 7, புதன்

பட்டி பார்த்து, பெயின்ட் அடித்தாயிற்று. சுவர் பளிச்சென்று இருக்கிறது. கேஸ் சிலிண்டர் வந்தது. மாவு புளித்துவிட்டது.

ஜனவரி 9, வெள்ளி

இரண்டே நாளில் உப்பு பட்டியையும் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

இன்று வெறும் கீழ்ச்சுவரோடு நிறுத்தவில்லை. கட்டடம் முழுக்க ஏறி இறங்கினேன். நடுத்தாழ்வாரத்தில் நிற்கும் இரண்டு தூண்களிலும் வெள்ளை. மாடித் தளத்தின் அடிப்பக்கம் வெள்ளை. படிக்கட்டுக்குக் கீழே சன்னல் இல்லாத ஒரு சாமான் அறை உண்டு. கதவைச் சாத்தினால் ஈ கூட நுழையாது. அதற்குள்ளும் வெள்ளை. கடல்காற்று சாவி போட்டுத் திறந்து உள்ளே போயிருந்தால்தான் உண்டு.

செங்கல்லில் உப்பு பூப்பது பெரிய விஷயமில்லை. நாலு தடவை கழுவினால் போய்விடும். தூணில் செங்கல் கிடையாது. கம்பியும் கான்கிரீட்டும்தான். கான்கிரீட்டில் உப்பு இருந்தால் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருக்கும், பருத்து கான்கிரீட்டை உள்ளேயிருந்து பிளக்கும். எட்டு வருடமோ பத்து வருடமோ, ஒரு நாள் தளத்திலிருந்து கட்டி கட்டியாகப் பெயர்ந்து விழும். கீழே பிள்ளைகள் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

உப்பு எப்படி உள்ளே போனது என்று தெரியவில்லை. மணலாக இருக்கும்.

ஜனவரி 12, திங்கள்

என் மேலதிகாரி, செயற்பொறியாளர் பட்டமுத்து சார் கூப்பிட்டுவிட்டார். அறிக்கையை அவரே டைப் அடித்து வைத்திருந்தார். கீழே என் பெயர், பெயருக்கு மேலே கையெழுத்துக்கு இடம். நடுவில் ஒரு வரி: கடற்கரைக் காற்றினால் சுவர்ப் பரப்பில் லேசான 'எஃப்ளோரசென்ஸ்' காணப்படுகிறது, தீங்கற்றது.

"உப்பு அரிக்குதுன்னு எழுதுனா ஊரே பயப்படும்," என்றார். "இந்த வார்த்தையப் பாரு. படிக்கிறவனுக்குப் பூ வாசமே வரும்."

"தூண்லயும் இருக்கு சார்."

"லேசான்னு போட்டிருக்கேன்லாம்மா."

"தளத்துலயும் இருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த மாசத்தோட உனக்குத் தகுதிகாண் பருவம் முடியுதுல்லா? முப்பத்தொண்ணாம் தேதியா? நான்தானே எழுதணும்."

படித்துப் பார்த்துவிட்டுக் கொண்டுவருகிறேன் என்று தாளை மடித்துப் பையில் வைத்தேன். ஒரே பக்கத்தில் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்டார். அர்த்தம் தெரியாத வார்த்தைக்குக் கீழே கையெழுத்துப் போட்டால் எங்கள் வீட்டில் திட்டுவார்கள் சார் என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜனவரி 13, செவ்வாய்

எப்சிபா டீச்சரிடம் தலையணை அளவுக்கு ஓர் ஆங்கில அகராதி இருக்கிறது. மேசையில் போட்டுப் பிரித்தோம்.

எஃப்ளோரசென்ஸ் என்றால் முதல் அர்த்தம் மலர்தல், பூக்கும் பருவம். லத்தீனிலிருந்து வந்தது. 'ஃப்ளோஸ்' என்றால் பூ. அதிலிருந்து பூக்கத் தொடங்குவதற்கு ஒரு வினைச்சொல். முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் 'எக்ஸ்' என்ற துண்டுக்கு வெளியே, உள்ளிருந்து வெளியே என்று பொருள். பூவிலிருந்து கிளம்பிய சொல்லை வேதியியல்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்: நீரை இழந்த படிகம் பொடிந்து போவதற்கு. வைத்தியர்கள் எடுத்துக்கொண்டார்கள்: நோய் கண்டு தோலில் தடித்து வெளிவருவதற்கு. கடைசியில் எங்கள் ஆட்கள்: சுவரிலிருந்து உப்பு வருவதற்கு.

"எல்லாத்துலயும் ஒண்ணுதான் செல்வி," என்றார் டீச்சர். "உள்ள இருக்கது வெளிய வருது. செடிக்குள்ள இருக்கதுதானே பூவா வருது? வெளிய இருந்து கொண்டாந்து ஒட்டுனா அதுக்குப் பேரு காகிதப்பூ."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அழகான சொல் என்று தேடிப் பிடித்துப் போட்டிருக்கிறார் பட்டமுத்து சார். கடல்காற்று என்ற அவருடைய காரணத்தை அவர் போட்ட சொல்லே ஒத்துக்கொள்ளாது. லத்தீன் படிக்காத சொர்ணமும் பூத்திருக்கிறது என்றுதான் சொன்னார், ஒட்டியிருக்கிறது என்று சொல்லவில்லை. அந்தக் காலத்து ரோமாபுரிக்காரனும் முள்ளிக்கரைக்காரியும் ஒரே மாதிரிதான் பார்த்திருக்கிறார்கள். நடுவில் எங்கள் அலுவலகத்துக்கு மட்டும்தான் கண் தெரியவில்லை.

போட மாட்டேன். என்ன ஆனாலும் போட மாட்டேன்.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

அம்மா வீடு. வாசலில் பொங்கல் வைத்தோம். அம்மாவிடம் பள்ளிக்கூடச் சுவர் கதையைச் சொன்னேன். நான் அலுவலகத்தில் எப்படியெல்லாம் பேசினேன் என்பதைக் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன்.

அம்மா கரும்பைக் கடித்துத் துப்பிவிட்டு, "காத்துலருந்து எங்கட்டி உப்பு பூக்கும்? பாத்தியில தண்ணி எப்படியோ அப்படித்தானே உப்பு," என்றாள். பிறகு, "அங்கன என்ன தண்ணியில கெட்டுனிய?" என்று கேட்டாள்.

பானை அடிப்பிடித்திருந்தது. நான்தான் தேய்த்தேன். தேய்க்க வெகு நேரமாயிற்று.

ஜனவரி 17, சனி

தூணிலும் தளத்திலும் துளை போட்டு கான்கிரீட் பொடி எடுத்தேன். அண்ணாச்சி யாருக்கோ போன் பண்ணிக்கொண்டே இருந்தார். ஆறு பொட்டலத்தையும் தூத்துக்குடியில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் கொடுத்தேன். துறையின் கடிதம் இல்லையே என்றார்கள். என் சொந்தச் செலவு என்றேன்.

சொர்ணம் துளை போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏதோ சொல்ல வந்தவர் போல இருந்தது. எனக்கு வேலை இருந்ததால் கிளம்பிவிட்டேன்.

ஜனவரி 20, செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. விதி அனுமதிக்கும் உப்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆறு பொட்டலத்திலும்.

தாளை எடுத்துக்கொண்டு நேரே பட்டமுத்து சாரிடம் போனேன். அண்ணாச்சியும் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேருக்கும் சேர்த்தே சொன்னேன். இது வெளியே இருந்து வந்த உப்பு இல்லை, கலக்கும்போதே உள்ளே போன உப்பு, நீங்கள் எழுதியிருக்கும் சொல்லுக்கே அதுதான் அர்த்தம், இந்த அறிக்கையில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். குரல் நடுங்கவில்லை. அதில் எனக்குப் பெருமை.

"நாளைக்கே விழுந்துரப் போகுதாம்மா?"

"நாளைக்கு விழாது சார். நீங்க ஓய்வு வாங்குன பெறகு விழும்."

அண்ணாச்சி செருமினார். பட்டமுத்து சார் கோபப்படவே இல்லை. அலமாரியிலிருந்து பழைய கோப்பு ஒன்றை எடுத்து, ஒரு பக்கத்தைப் பிரித்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

"மணல் நல்ல மணல். ஆத்து மணல். சிமெண்ட்டுல உப்பு கெடையாது. அப்ப மிச்சம் இருக்கது தண்ணி. போன ஏப்ரல்ல பள்ளிக்கூடத்து போர்வெல் தண்ணி கட்டுமானத்துக்கு ஏத்ததுன்னு ஒரு சான்று போயிருக்கு. இது யார் கையெழுத்தும்மா?"

ஜனவரி 21, புதன்

இன்று எழுத ஒன்றுமில்லை. துணி துவைத்தேன். குழாயில் தண்ணீர் சன்னமாக வந்தது.

ஜனவரி 22, வியாழன்

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டிலேயே எழுத முடியாவிட்டால் வேறு எங்கே எழுதப் போகிறேன்.

ஏப்ரலில் லாரித் தண்ணீர் நின்றுபோனது. அண்ணாச்சி பள்ளி வளாகத்திலேயே போர்வெல் போட்டார். விதிப்படி தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து ஆய்வுக்கு அனுப்பி, முடிவு வந்த பிறகுதான் கான்கிரீட்டில் ஊற்றலாம். முடிவு வர எப்படியும் பத்து நாள். கம்பி கட்டித் தூண்கள் தயாராக நின்றன. இந்தப் பக்கத்தில் எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன். உள்ளங்கையில் பிடித்து நாக்கில் விட்டுப் பார்த்தேன். கரிக்கவில்லை. சான்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பாட்டிலை அப்புறம் அனுப்பிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அனுப்பவில்லை.

மே மாதம், மாடித் தளம் போடுகிற வாரம், சொர்ணம் வந்து, "தண்ணி கரிக்குது மேடம், கை எரியுது," என்றார். மறுபடி நாக்கில் விட்டுப் பார்த்தேன். சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். சிரித்தேன். "இதுக்குப் பேரு உப்பாக்கா? நாங்கள்லாம் இதையே குடிச்சு வளந்தவங்க," என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். சொர்ணம் போய்க் குடத்தை எடுத்துத் தளத்துக்கு ஊற்ற ஆரம்பித்தார்.

என் நாக்குக்கு உப்புத் தெரியாது. உப்பளத்துக் குடிசையில் கரிக்கும் தண்ணீரில் சோறு பொங்கித் தின்று வளர்ந்த நாக்கு. ஊரில் எந்தக் குழந்தையைக் கூப்பிட்டுக் குடிக்கச் சொல்லியிருந்தாலும் துப்பியிருக்கும். இது எனக்கு ஜனவரி ஒன்பதாம் தேதியே தெரியும். மணலாக இருக்கும் என்று எழுதியிருக்கிறேன். எவ்வளவு கெட்டிக்காரி.

செவ்வாய்க்கிழமை பட்டமுத்து சார் சொன்னது சுலபமான கணக்கு. அறிக்கையில் கையெழுத்துப் போட்டால் சான்று கோப்புக்குள் தூங்கும், தகுதிகாண் பருவமும் முடியும். போடாவிட்டால் முதலில் மாட்டுவது நான்தான். "உன் நல்லதுக்குத்தாம்மா," என்று ஒரு தடவை, "யோசிச்சுக்கோ" என்று ஒரு தடவை சொன்னார். நாற்காலியில் இருந்து எழுந்து கதவு வரை வந்து அனுப்பி வைத்தார். என் மேல் இவ்வளவு மரியாதை அவருக்கு இதற்கு முன் வந்ததில்லை.

ஜனவரி 23, வெள்ளி

எப்சிபா டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் தேற்றவில்லை. வகுப்பு முடிந்த மணி அடித்தது, பிள்ளைகள் கத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள்.

"நீ கையெழுத்துப் போடலன்னா வேற ஆளு போடுவான்," என்றார். "திறப்பு விழாவுக்குப் பந்தல்காரன் அளந்துட்டே போயிட்டான். உன் நோட்டுல எழுதி என்ன ஆவப்போகுது?"

"என்ன செய்யச் சொல்றீங்க?"

"திங்கக்கிழமை குடியரசு தினம். கிராம சபை. ஊர் கூடும்ல."

அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அதிகாரியை எதிர்த்துப் பேசிவிடலாம். அதில் ஒரு ருசி கூட உண்டு. சொர்ணத்தின் முகத்தைப் பார்த்துச் சொல்வது வேறு.

ஜனவரி 26, திங்கள்

வேப்பமரத்தடியில் நூற்றைம்பது பேர் இருப்பார்கள். பாதிப்பேர் உப்பளத்துக்குப் போகிறவர்கள். கொடியேற்றி மிட்டாய் கொடுத்த பிறகு, தெருவிளக்கு, குடிநீர்த் தொட்டி என்று வரிசையாகப் போய், பள்ளிக்கூடத் திறப்பு விழாவுக்கு ஊர் சார்பில் வரவேற்பு என்ற பொருளுக்கு வந்தார்கள். அப்போது எழுந்து நின்றேன். அண்ணாச்சி முன்வரிசையில் இருந்தார். பட்டமுத்து சார் வரவில்லை. போனில் அவருடைய தவறிய அழைப்பு பதினேழு.

ஆய்வுக்கூடத் தாளை வாசித்தேன். தூணுக்குள் உப்பு இருக்கிறது, கம்பி துருப்பிடிக்கும், எத்தனை வருடத்தில் என்று சொல்ல முடியாது, பெரிய சோதனை செய்து பார்க்காமல் பிள்ளைகளை அதற்குள் உட்கார வைக்கக்கூடாது என்றேன். சலசலப்பு எழுந்தது. ஒருவர் காண்ட்ராக்டரைத் திட்ட ஆரம்பித்தார். இன்னொருவர் சட்டைக் கையை மடித்துவிட்டார். அப்படியே விட்டிருக்கலாம். அண்ணாச்சி தலையில் எல்லாம் விடிந்திருக்கும், எனக்குக் கைதட்டிக்கூட இருப்பார்கள்.

"தண்ணிய டெஸ்ட் பண்ணாம நல்ல தண்ணின்னு கையெழுத்துப் போட்டது நான்," என்றேன்.

சட்டைக் கையை மடித்தவர் உட்கார்ந்துவிட்டார்.

சொர்ணம் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தார். சேலை முந்தியை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"நான் அன்னிக்கே சொன்னேன்லா மேடம்."

"சொன்னீங்க அக்கா."

"நீங்க சிரிச்சிய."

"ஆமா."

"ஏன் சிரிச்சிய?"

"தண்ணி ஊத்துற உங்களவிட எனக்கு உப்பத் தெரியும்னு நெனச்சேன்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். மன்னித்த பார்வை இல்லை. அதை நான் எதிர்பார்க்கவும் கூடாது. பிறகு ஊராட்சிச் செயலர் பக்கம் திரும்பினார். "எழுதுங்க. அந்தக் கெட்டடத்துல எம்புள்ள உக்காராது. எழுதிட்டு வாசிங்க, நான் கேக்கணும்."

செயலர் ஊராட்சித் தலைவரைப் பார்த்தார். தலைவர் அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி மிட்டாய்த் தாளை மடித்துக்கொண்டிருந்தார்.

"ஊர்க்கூட்டத்துல சொன்னத எழுதாட்டா எப்படி?" என்று பின்னாலிருந்து ஒரு ஆண் குரல். அப்புறம் நாலைந்து குரல். தீர்மானம் எழுதப்பட்டது. தொண்ணூற்றெட்டுப் பேர் கையெழுத்து, முப்பத்தோரு பேர் கைநாட்டு. சொர்ணம் முதல் கையெழுத்து. பெயரை முழுதாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்.

ஜனவரி 28, புதன்

திறப்பு விழா 'நிர்வாகக் காரணங்களால்' தள்ளிவைப்பு. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு குழு வந்து தூண்களைத் துளைத்துப் பார்க்கப் போகிறதாம். பந்தல்காரன் மூங்கிலைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனான். பிள்ளைகள் பழைய ஓட்டுக் கட்டடத்திலேயே இருக்கிறார்கள். மழைக்கு ஒழுகும் என்று டீச்சர் முனகினார். இது மழைக்காலம் இல்லையே டீச்சர் என்றேன்.

ஜனவரி 29, வியாழன்

தற்காலிகப் பணிநீக்க ஆணை வந்தது. கூடவே குற்றச்சாட்டுக் குறிப்பாணை. கட்டுமான நீரை ஆய்வு செய்யாமல் சான்றளித்து, கடமையில் தவறியதாகக் குற்றச்சாட்டு ஒன்று. அலுவலக விஷயத்தைப் பொதுவெளியில் பேசியதாகக் குற்றச்சாட்டு இரண்டு. பதினைந்து நாளுக்குள் எழுத்து மூலம் விளக்கம் அளிக்க வேண்டும். அம்மாவிடம் போனில் சொன்னேன். "வீட்டுக்கு வா, சோறு இருக்கு," என்றாள். அழுதுவிட்டேன்.

ஜனவரி 30, வெள்ளி

பட்டமுத்து சார் தன் நம்பரிலிருந்து பேசாமல் வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டார். குரல் பதவிசாக இருந்தது.

"பாட்டில் அனுப்புனேன், வழியில தொலஞ்சு போச்சுன்னு எழுது. நாங்களும் அப்படியே சொல்லுவோம். கிராம சபையில பதட்டத்துல ஏதோ ஒளறிட்டேன்னு ஒரு வரி சேத்துக்கோ. ஆறு மாசத்துல திரும்ப எடுத்துக்குவாங்க."

"அப்ப குழு வந்து துளைச்சுப் பாக்கறது சார்?"

"நீயே ஒளறல்னு எழுதிட்டா அவங்க எதுக்கு வாராங்க?"

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசிக்க ஒன்றுமில்லை. கடைக்குப் போய் நாலு வெள்ளைத் தாள் வாங்கி வந்தேன். மூன்று மிச்சம்.

பதினைந்து நாள் கொடுத்திருக்கிறார்கள். எனக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. எழுதியதன் நகல் இது:

"ஐயா, முதல் குற்றச்சாட்டு உண்மை. நீரை ஆய்வுக்கு அனுப்பவில்லை. பாட்டில் எதுவும் தொலையவில்லை, பாட்டிலே கிடையாது. தண்ணீர் ஊற்றும் தொழிலாளி திருமதி சொர்ணம் எச்சரித்தும் நான் கேட்கவில்லை. இரண்டாவது குற்றச்சாட்டும் உண்மை. கட்டடத்தில் பிள்ளைகளை உட்கார வைத்தால் மீண்டும் பேசுவேன்."

பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.